நிபுணர் தடுமாறிய பக்கங்கள்

போன வாரம் என் மருத்துவமனையில் தன் நோயைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண் பாதியில் நிறுத்தி, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். தம்ளர் அவள் உதட்டைத் தொட்டதும் எனக்கு எடப்பாடி ராசம்மாள் நினைவு வந்துவிட்டது.

சேலத்தில் நானும் நண்பன் செந்திலும் சிறுநீரக மருத்துவம் பயின்ற காலம். ராசம்மாள் விசைத்தறி ஓட்டுபவள். திடீரென்று கைகால் விழுந்துவிடும், தூக்கி வருவார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்தில் இருக்கும். ஏற்றினால் எழுந்து நடந்துபோவாள். கொஞ்ச நாளில் மறுபடி வருவாள்.

"வேலைக்குப் பயந்துட்டு நடிக்கறாளுங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாருங்க" என்பார் மாமியார்.

எங்களுக்கும் காரணம் பிடிபடவில்லை. ஆனால் முகத்தை மட்டும் தெரிந்த மாதிரி வைத்துக்கொள்வோம்.

அப்போது எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. நூலகத்துக்கு வரும் சிறுநீரக இதழ்களில் ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி, அதைப் பற்றி ஒரு நிபுணர் அரங்கில் பேசியதை அப்படியே அச்சிட்டிருப்பார்கள். குறுக்கே மற்றவர்கள் கேட்ட கேள்விகள்கூட இருக்கும். பைண்டிங் பசை மணக்கும் அந்தத் தொகுதிகளில் விடையை எக்ஸ்ரே உறையால் மூடிவிட்டு ஊகிப்போம். பெரும்பாலும் இருவருமே தோற்போம்.

ஒருநாள் பிரித்தால் அச்சு அசல் ராசம்மாளைப் போலவே ஒரு நோயாளியின் கதை இருந்தது. அந்த நிபுணர் எவ்வளவு பெரிய மனிதர்! பக்கம் பக்கமாக ஒரு வழியில் போய்விட்டு, தான் நினைத்தது தவறு என்று தானே சொல்கிறார். வாய் உலர்கிறதா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்கிறார்.

வார்டுக்கு ஓடினோம்.

"ராசம்மா, வாய் காயுதா?"

"அதையேனுங்க கேக்கறீங்க? களிகூடத் தண்ணியில்லாம எறங்காதுங்க. அழுதாலும் கண்ணுல தண்ணி வாரதில்லீங்க. அதாங்க எங்க மாமியா நடிக்கறேங்கறாங்க."

செந்தில் என்னைப் பார்த்தான். உமிழ்நீரையும் கண்ணீரையும் வற்றவைக்கும் நோய் அவள் சிறுநீரகத்தையும் தொட்டிருந்தது. அதனால்தான் பொட்டாசியம் வீணாகிக்கொண்டிருந்தது. சோதனைகளும் அதையே சொல்லின. தினமும் குடிக்க மருந்து கொடுத்தோம். விவரம் கேட்ட மாமியார் மருமகளின் தலையைத் தடவி, "தப்பா நெனச்சுப்போட்டேன் சாமி" என்றார். அதன்பின் ராசம்மாள் மருந்து வாங்க மட்டும் வந்தாள், நடந்தே.

நூலகம் இருந்த அறையில் இப்போது டயாலிசிஸ் நடக்கிறது, நல்லதுதான். இதழ்களும் மாறிவிட்டன: ஒரு கேள்வி, நான்கு விடை, கட்டத்துக்குள் சுருக்கம். பயனுள்ளவைதான், நானும் படிக்கிறேன். ஆனால் ஒரு மேதை எல்லார் முன்னிலையிலும் தடுமாறி, திரும்பி வந்து, வழி கண்டுபிடிக்கும் அந்த நீண்ட பேச்சு இப்போது எதிலும் என் கண்ணில் படுவதில்லை.