குழாய் கடிக்கிறது என்றாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழைக்கு உப்பளங்கள் மூடிக் கிடந்த நேரம். நானும் என் மனைவியும் தூத்துக்குடியில் உப்பு வாருகிறவர்கள். வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் எங்களுக்கு வீட்டில் எதையாவது இடித்துக் கட்ட நேரம் கிடைக்கும். அந்த முறை குளியலறை. அளத்திலிருந்து வந்ததும் வெந்நீரில் குளிக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அவளுக்காகத்தான் ஹீட்டர் வாங்கினேன்.

மண்ணுக்குள் போன பழைய இரும்புக் குழாய் உப்புக்கு அரித்துப்போயிருந்ததால் அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டோம். சுவருக்குள் இருந்த இரும்பு நன்றாக இருந்தது, அப்படியே விட்டோம். வயரிங் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார்.

“அண்ணாச்சி, இந்த வீட்டு எர்த்து வயரை மண்ணுக்குள்ள போன அந்த இரும்புக் குழாய்லதான் கட்டியிருந்திருக்காங்க. இப்ப பிளாஸ்டிக் போட்டாச்சுல்லா, இனி எர்த்தே கெடையாது. புதுசா குழி தோண்டி, ஹீட்டரையும் குழாயையும் பச்சை வயர் போட்டு அதோட சேத்துக் கட்டணும். அதுக்குப் பெறகு டைல்ஸ் ஒட்டுங்க.”

மறுநாள் டைல்ஸ்காரர் வருவதாக இருந்தது. அவரை விட்டால் பொங்கல்வரை பிடிக்க முடியாது. மழை வேறு எனக்குச் சாக்காகக் கிடைத்தது. குழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதுவரை ஹீட்டரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிதாகத் தலையாட்டினேன். பத்தே நாளில் நானே சுவிட்சைப் போட்டேன்.

மாசியில் உப்பு வார ஆரம்பித்திருந்தோம். ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் சொன்னாள்.

“இங்கேருங்க, குழாயத் தொட்டா கையக் கடிக்கு.”

“ஏளா, உப்பு வெடிப்புல தண்ணி பட்டா எரியத்தான செய்யும். எண்ணெயத் தேயி.”

அளத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு நாள் எனக்கும் சுருக்கென்றது. என் விரல் வெடிப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் குளித்தேன். கரண்ட் என்ற நினைப்பே வரவில்லை. அவள் இன்னும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டு, தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் உள்ளே வாளி உருளும் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவை உடைத்து அவளைத் தொட்டதும் கரண்ட் என்னைத் தூக்கி எறிந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

காரியம் முடிந்தபின் அதே எலெக்ட்ரீஷியன் வந்தார். மெயினைப் போட்டு, குழாயில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. ஹீட்டருக்குள் கசிந்த கரண்ட் போக வழியில்லாமல் குழாயில் நின்றிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹீட்டரைக் கழற்றினார், குழி தோண்டினார், பச்சை வயரைக் கட்டினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு காலைப்பொழுது வேலை.

அந்த வெள்ளை டைல்ஸின் மேலேயே இப்போது பச்சை வயர் ஓடுகிறது. அளத்திலிருந்து வந்து அந்தக் குழாயைத் திறக்கும்போது இன்றும் என் கை எரிகிறது. இப்போது அது வெறும் உப்புதான், ஆனால் குழாய் கடிக்கிறது என்று அவள் மூன்று தடவை சொன்னதைத்தான் நான் காது கொடுத்துக் கேட்கவில்லை.