சுரண்டியக்காவுக்கு ஐம்பது

சினிமாக் கொட்டகையில் அவளுக்குச் சுரண்டியக்கா என்று பெயர். பதினோரு வருடமாக, தினமும் காலையில் முதல் காட்சிக்கு முன்னால், ஜனங்கள் மென்று இருக்கைக்கு அடியில் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைத் தகரத் தகட்டால் சுரண்டி எடுப்பது அவள் வேலை. அதற்கென்று அவளிடம் ஒரு வசவும் உண்டு. "எந்த மகராசி பெத்த பிள்ளையோ" என்று சொல்லிக்கொண்டேதான் தகட்டை இழுப்பாள். பிள்ளையைத் திட்டி என்ன பிரயோசனம், வளர்த்தவளைச் சொல்லவேண்டும் என்பது அவள் கட்சி.

அதிலும் கடைசி வரிசை மூலை இருக்கை இருக்கிறதே, அதை நினைத்தாலே குமட்டும். மாதம் ஒரு தடவை அங்கே பச்சை நிறத்தில் ஒன்று இருக்கும். சும்மா ஒட்டியிருக்காது, கட்டைவிரலை வைத்து அழுத்திக் குழியே பறித்திருப்பான் அந்தப் புண்ணியவான். இரும்புச் சட்டத்தின் இடுக்கில் புகுந்துகொண்டு அது அவள் உயிரை வாங்கும். அன்றைக்கு மட்டும் பெத்தவளுக்கு இரண்டு பங்கு விழும்.

ஐம்பது நிறைகிறதே, உனக்கு என்ன வேண்டும் என்று புருஷன் கேட்டான்.

"துணி வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரே ஒருநாள் அடுத்தவங்க எச்சில்ல என் கை படாம இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

இவ்வளவுதானா, ஜமாய்த்துவிடலாம் என்றான் அவன். ஜமாய்த்தான், பாருங்கள்.

காலையில் கேக். அவள் வாயைக் குவிக்குமுன் அவனே முந்திக்கொண்டு மெழுகுவத்தியை ஊதினான். பல் போன சந்து வழியாகச் சாரல் தெறித்து கிரீம் மேல் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்த பிறகும் தின்னவேண்டியிருந்தது. அப்புறம் ஏரிக்கரைப் பூங்கா. எந்தப் பெஞ்சைப் பார்த்தாலும் யாரோ துப்பிய கறை, ஆகவே நின்றுகொண்டே ஐஸ்கிரீம். உருகுகிறதே என்று அவள் கையிலிருந்ததை வாங்கி நாலாபக்கமும் ஒரு சுற்று நக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பாசமாம்! அவள் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் குழாயடியில் கை கழுவினாள்.

சாயங்காலம்தான் பெரிய பரிசு. அதே கொட்டகை, சினிமா. வேலையாட்களுக்கு மாதம் மூன்று இலவசச் சீட்டு உண்டு. ஓசிச் சீட்டில் எண்ணைப் பார்ப்பானேன் என்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதை மடித்தது மடித்தபடி மகனிடம் கொடுத்துவிடுவாள். அவன் இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டாளிகளோடு போய் வருவான். இந்த மாதம் அது அவளுக்கே திரும்பி வந்திருந்தது. வருடமெல்லாம் மாரடிக்கிற இடத்துக்கே கூட்டிவந்தானே மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டினார்கள். கடைசி வரிசை மூலை.

"எப்பவும் இதே சீட்டுதாம்மா தருவாங்க" என்றபடி மகன் மூலையில் உட்கார்ந்தான். பெரிய ஆபீஸில் வேலை, மடிப்புக் கலையாத சட்டை. பாதிப் படத்தில் அவன் தாடை அசைவது நின்றது. வாயிலிருந்து எதையோ எடுத்தான். கை இருக்கைக்கு அடியில் போயிற்று. கட்டைவிரல் ஒரு தடவை அழுத்தியது.

வேறு யாராகவாவது இருக்கட்டும், கடவுளே! தொடக்கூடாது, இன்றைக்குத் தொடக்கூடாது என்று கையைக் கட்டிப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்து துழாவினாள். ஈரம், சூடு, நடுவில் குழி. பழகிய விரலுக்கு வெளிச்சம் எதற்கு? ஒருநாள் கேட்டிருந்தாள், அதுவும் போயிற்று.

"எப்பவும் இங்கதான் ஒட்டுவியா?"

"விடும்மா, படத்தைப் பாரு. அதையெல்லாம் எடுக்கறதுக்குத்தான் ஆள் இருக்காங்களே" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மல்லாந்து படுத்துத் துப்பினால் மார்மேல்தான் விழும் என்பார்கள். அவள் பதினோரு வருடமாகத் துப்பியிருக்கிறாள். மாதம் இரண்டு பங்கு, தனக்கே. அந்தப் பிசுபிசுப்பு விரலில் இருக்க, மீதிப் படத்தில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

விளக்குப் போட்டார்கள். சாயங்கால முறைக்காரி துடைப்பத்தோடு வந்தாள். சுரண்டியக்காவிடம் தொழில் பழகியவள், வசவையும் சேர்த்துப் பழகியவள். அக்காவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். மகன் எழுந்த மூலை இருக்கையைக் கைப்பழக்கத்தில் நிமிர்த்திப் பார்த்தாள். பச்சை, புதுசு.

"பாத்தியாக்கா, உன் ஆளு இன்னைக்கும் வந்திருக்கான். எந்த மகராசி பெத்த பிள்ளையோ!"

"நான்தான்" என்றாள் சுரண்டியக்கா.

புருஷன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தான். சுரண்டியக்கா தன் விரலை மகனுடைய சட்டைக் கையில் நன்றாகத் துடைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து தகட்டை உருவி அவனிடம் நீட்டினாள்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பதினோரு வருஷமா என்னை யாரும் பாக்கலை."

அவன் வாங்கிக்கொண்டு பாப்கார்ன் தூள்மேல் முட்டி போட்டான். தகடு வழுக்கியது. சுட்டுவிரல் ஈரத்தில் பட்டதும் கையை உதறி, முகத்தைச் சுளித்து, "ச்சீ" என்றான்.

"உன்னோடதுதானேப்பா. சுரண்டு" என்றாள்.