முன்னால இடப்பக்கம்

என் பழைய காருக்கு முன்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றியே ஆகவேண்டும் என்றது ஒரு பட்டறை. இன்னும் ஆறு மாதம் தாராளமாக ஓடும் என்றது இன்னொன்று. யாரை நம்புவதென்று தெரியாமல் மழைக்காலம் முழுக்க அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒருநாள், முட்டத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற மீன்காரப் பெண்மணியை ஏற்றிக்கொண்டேன்.

அறுபது வயதிருக்கும். சும்மாடு வைத்து வைத்து உச்சந்தலை முடி தட்டையாகப் படிந்திருந்தது. என் பக்கத்து இருக்கையில், மீன் இருந்த அலுமினியச் சருவத்தை மடியில் வைத்து, அதன் மூடிமேல் உள்ளங்கையைப் பதித்திருந்தார். வழி முழுக்க அந்தக் கையை எடுக்கவே இல்லை.

இரணியல் நெருங்கும்போது, "மக்கா, முன்னால இடப்பக்கம் போச்சு கேட்டியா," என்றார்.

"எப்படிக்கா தெரியும்?"

"பள்ளத்துல விழுந்தா வலப்பக்கம் ஒருக்க ஆடிட்டு நிக்கு. இடப்பக்கம் நிக்கவே மாட்டேங்கு. சருவத்துக்குள்ள தண்ணி அலையுகது கைக்குத் தெரியாதா? இனி இத வச்சு ஓட்டாத."

பட்டறைக்காரர்கள் இருவரும் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தவர்கள். இவருக்கு மீன்தண்ணீரே போதுமாக இருந்தது. அன்றே மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன்.

சந்தைப் பக்கம் இறங்கி, சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது முழங்கால் மடங்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

தலையில் இருந்த சருவம் மட்டும் அசையவே இல்லை.