என்கிட்ட ஓடுதே!

“அடுப்பை அணைச்சியா, கதவைப் பூட்டினியான்னு என்னைத் தொணதொணப்பா. இதை மட்டும் அணைக்கவே மாட்டா!” என்று முனகியபடி ராய்மோ நனைந்த கையுறைகளைக் கணினியின் மேல் காயப்போடுகிறார். அவர் மனைவி ஆய்ரா திரும்பிப் பார்க்காமலே, “அங்க போடாத, காத்து போற வழி அது” என்கிறாள். கையுறையும் நகராது, அவளும் எழமாட்டாள். ஓலு நகரத்துக் குளிர்காலம் முழுக்க இதே கூத்துதான். நான் மேல்மாடிக்காரி. காபி நேரத்துக்குச் சரியாக இறங்கி வந்துவிடுவேன்.

கணினி விழித்ததும், உள்ளே கணக்குப் போடும் சில்லுகளான செயலிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நிரலைக் கெர்னல் என்பார்கள். சாதாரணக் கணினியில் செயலிகள் எல்லாம் ஒரே அச்சு. ஆய்ராவுடையதில் நான்கும் நான்கு விதம். ஒன்று பறக்கும், ஒன்று நகரும். செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. கெர்னலில் அதற்கான பகுதியை எழுதிக் காப்பவள் இவள்தான், சம்பளம் இல்லாமல். “கிறுக்கு மெஷின்தான். அதுக்காக விட்டுடறதா?” என்பாள். இலவங்கப்பட்டை ரொட்டியின் சுருளை வெளியிலிருந்து பிரித்துப் பிரித்துத் தின்பாள். எல்லோரும் ஆசைப்படும் நடுப்பகுதியை ராய்மோ பக்கம் தள்ளிவிடுவாள்.

சென்ற பிப்ரவரியில் வந்தது வினை. பெர்கன் நகரத்தில் அதே கணினி வைத்திருக்கும் ஒருவர், புதிய கெர்னலில் அது எழவே இல்லை என்று எழுதினார். ஆய்ரா தன்னுடையதிலும் அந்தக் கெர்னலைப் போட்டு ரீஸ்டார்ட் செய்தாள். நான்கும் சமர்த்தாக எழுந்தன. “என்கிட்ட ஓடுதே!” என்று பதில் போட்டாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயில் இது வராத நாளே கிடையாது. கெர்னலில் எது இருக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்திலிருந்த டென்மார்க்கின் தோர்பென், புதிய கெர்னல் எல்லோருக்கும் வெளிவருவதற்குள் சரியாகாவிட்டால் அந்தப் பகுதியையே நீக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஆண்டுக்கணக்கில் அவள் எழுதியது அவ்வளவும் போய்விடும். அன்று அவள் ரொட்டியைத் தொடவில்லை.

“அந்த ஆள் பொய் சொல்றாரோ?” என்றேன்.

“இல்ல. அதான் பயமா இருக்கு.”

அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் மின்கம்பி மாற்றினார்கள். காலை முழுக்கக் கரண்ட் இல்லை. வந்ததும் பார்த்தால், இரண்டு செயலிகள் எழுந்து, மூன்றாவதில் கணினி அப்படியே நின்றுவிட்டது.

“ஹேங்க் ஆயிடுச்சு! ராய்மோ, ஓடி வா, ஹேங்க் ஆயிடுச்சு!”

அவள் குதித்த குதியில், ஏதோ நல்ல செய்தி என்று அவர் ஓடி வந்தார். நல்ல செய்திதான்; பெர்கன்காரர் சொன்ன கோளாறு இப்போது அவள் கண்ணெதிரிலேயே வந்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்யும்போது மூன்றாவது செயலி பாதி விழித்தபடியே இருக்கும். முழுக்க அணைந்து ஆறிக் கிடந்தால் அது எழ நேரம் பிடிக்கும். புதிய கெர்னலுக்கோ காத்திருக்கப் பொறுமை இல்லை. அணைக்கவே அணைக்காதவளுக்கு இது எப்படித் தெரியும்?

“நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே, அணைன்னு!” என்றார் ராய்மோ.

“நீ கரண்ட் பில்லுக்காகச் சொன்ன. பேசாம இரு!”

மூன்றாவதற்காகக் காத்திருக்கும்படி சில வரிகள் எழுதிச் சேர்த்தாள். பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினாள். தொட்டுத் தொட்டுப் பார்த்து, நன்றாக ஆறிய பிறகு செருகினாள். ஒன்று வந்தது, இரண்டு வந்தது. மூன்றாவது சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே நான்காவது. பெர்கன்காரரும் தன்னுடையது எழுந்துவிட்டது என்று எழுதினார். மறுநாள் தோர்பெனிடமிருந்து பதில் வந்தது: “சரி, இருக்கட்டும்.”

நான் கைதட்டினேன். ராய்மோ காபி ஊற்றினார். ஆய்ரா அந்த ஒற்றை வரியை மறுபடி படித்துச் சிரித்தாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“ஆறட்டும். இன்னொரு தடவை பாத்துடுவோம்.”