நீல வாளி

உப்பலில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை. அதன் கழிவுநீர்ப் பிரிவுக்கு நான்தான் கெமிஸ்ட். கோபம் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில். என் கீழே ஒரே ஒருவர் வேலை பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மல்காஜ்கிரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை அண்ணே என்பேன்.

இரண்டு தொட்டிகள். குரோமியம் கலந்த தண்ணீருக்கு அமிலம் ஊற்ற வேண்டும். சயனைடு கலந்த தண்ணீருக்குக் காஸ்டிக் கரைசல் ஊற்றி, காரம் ஏறிய பிறகே பிளீச்சிங் திரவம் விட்டு விஷத்தை முறிக்க வேண்டும். சயனைடில் தவறி அமிலம் விழுந்தால் கிளம்புகிற வாயு, குனிந்தவரை நிமிரவே விடாது. அதனால் அமிலத்துக்குச் சிவப்பு வாளி, காஸ்டிக்குக்கு நீல வாளி. நான் கலந்து வைப்பேன், அவர் ஊற்றுவார். பார்வைக்கு இரண்டும் தண்ணீர்தான்.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவர் சயனைடு தொட்டி விளிம்பில் நீல வாளியைச் சாய்க்கப் போனார். ஓடிப்போய் அவர் மணிக்கட்டில் ஓங்கிக் குத்தினேன். வாளி வெளியே விழுந்து உருண்டது. சிமென்ட் தரை நுரைத்துப் பொங்கியது.

அத்தோடு விட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்து அவரைச் சுவரில் மோதினேன்.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா? சாகணுமா உனக்கு?"

"நீல பக்கெட்தானே சார்..."

முடிக்க விடவில்லை. இடது காதோடு சேர்த்து அறைந்தேன். மறுபடி வாயைத் திறந்தார், மறுபடி அதே இடத்தில் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் என் கைக்கடிகாரத்தில் தெறித்தது. "நக்கோ சார், நக்கோ!" என்று உள்ளூர் உருதுவில் வேண்டாம் வேண்டாமெனக் கத்தியபடி இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

அவர் சொல்ல வந்தது சரிதான். காலையில் சிவப்பு வாளியின் கைப்பிடி அறுந்துவிட்டது. சோம்பல்பட்டு அமிலத்தை நீல வாளியில் கலந்தவன் நான். நானே குரோமியம் தொட்டியில் பாதி ஊற்றும்போது செல்போன் அடித்தது. மீதியை அங்கேயே வைத்துவிட்டுப் பேசப் போனேன், மறந்தும் போனேன். முதல் குத்து அவர் உயிரைக் காப்பாற்ற. மற்றதெல்லாம் அவர் வாயை அடைக்க.

முந்தின ஷிப்டில் யாரோ வாளியை மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், அவரும் நம்பினார். ஊற்றுவதற்கு முன் சோதனைத் தாளை நனைத்துப் பார்க்கவில்லை என்று அவருக்குத்தான் மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டார்.

கிறிஸ்துமஸுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் மனைவி கேக்கும் அச்சு முறுக்குமாகத் தட்டை நீட்டினார்.

"அடிக்கிற கைதான் சார் அணைக்கும். அன்னிக்கு நீங்க இல்லேன்னா எம்புள்ளைங்க கதி என்ன?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது, கடித்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தேன். அந்த அம்மாள் உள்ளே போனதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மெல்லச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த ஆசிட்ட நீல பக்கெட்ல வச்சது நான்தான்."

அவர் சிரித்தபடி தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் நீட்டினார்.

"அந்தக் காது இப்ப கேக்கறதில்ல சார். இதுல சொல்லுங்க."

"கேக் நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றேன்.