துண்டோடு ஒரு இண்டர்வியூ

கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம், இடுப்பில் துண்டோடு வந்தேன் என்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜம்.

சாரல் விழ ஆரம்பித்தால் போதும், தலைமை அலுவலகத்துக்குத் தென்காசிக் கிளையின் ஞாபகம் வந்துவிடும். இன்ஸ்பெக்‌ஷன் என்று யாராவது வந்து இறங்குவார்கள். காலையில் ஒரு மணி நேரம் பேரேடு, மீதி நாளெல்லாம் குற்றாலம். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி வந்தவர் பம்பாயில் முதலீட்டுப் பிரிவுக்கே தலைவர் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் அந்த வங்கியில் கிளார்க். அரசாங்கக் கடன் பத்திரங்களின் விலைப்பட்டியல் பம்பாயிலிருந்து வாராவாரம் வரும். யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்த வாரம் எது ஏறும், எது இறங்கும் என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு பைத்தியமாக அலைந்தேன். முதலீட்டுப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை மனு கொடுத்தும், எங்கள் மேனேஜரின் டிராயரை அது தாண்டவில்லை. இந்த மனிதரிடம் நேரில் கேட்காவிட்டால் என் ஆயுசு பேரேட்டோடுதான்.

மெயின் அருவியில் அவரும் மேனேஜரும் நானும் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வரிசையில் நின்றோம். ஆபீசில் என்றால் வாயே திறந்திருக்க மாட்டேன். துண்டு கட்டி நிற்பவரிடம் என்ன பயம்? மூன்று மனுக்களையும் சொல்லிக் கேட்டேவிட்டேன். மேனேஜர் முறைத்தார்.

பம்பாய்க்காரர் முகத்து எண்ணெயை வழித்தபடி கத்தினார். "வட்டி ஏறினா பழைய பத்திரத்தோட விலை என்னாகும்?"

"எறங்கும் சார்!"

அருவிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "வெல எறங்கும் சார்! புதுசு கூடுதலா வட்டி தரும்போது பழச எவன் முழு வெலைக்கு வாங்குவான்?"

முன்னால் நின்றவர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி போலிருக்கிறது. திடுக்கிட்டுத் திரும்பினார். "எந்த மண்டியில எறங்குது அண்ணாச்சி?"

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஏது நேரம்! அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "ரெண்டு வருஷப் பத்திரமா, இருபது வருஷமா, எது அதிகம் விழும்?"

"இருபதுதான் சார்! அம்புட்டு வருஷமும் அந்தக் கொறஞ்ச வட்டியிலேயே கெடக்கணும்லா!"

அவர் சிரித்துக்கொண்டே அருவிக்குள் போய்விட்டார். மூவரும் குளித்து, தலை துவட்டி, உடுத்திக்கொண்டோம். கடைசியில் அவர் மேனேஜரைப் பார்த்து, "இவரை அனுப்புறீங்களா?" என்றார்.

மேனேஜர் பதறினார். "இவன விட்டா எனக்கு ஆளே கெடையாது சார். மத்தவன் போட்ட தப்பையெல்லாம் இவன்தான் ஒக்காந்து கண்டுபிடிக்கான். நாலு வருஷமா கிளையே இவனாலதான் ஓடுது."

அந்த நான்கு வருடத்தில் அவர் என்னை ஒரு நாள்கூடப் பாராட்டியதில்லை.

"அப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேணும்" என்றார் பம்பாய்க்காரர். "அந்த மனுவை இன்னைக்கே கொடுத்துடுங்க."

இஸ்திரி போட்ட பேண்ட் சட்டையோடு நான் மறுபடியும் அருவிக்குள் ஓடினேன். "ஏலே, செருப்பையாவது கழத்துலே!" என்று மேனேஜர் பின்னாலிருந்து கத்தினார்.