குழந்தைக்கு மட்டும் காய்ச்சிய தண்ணீர்

காப்பித் தோட்டக் கம்பெனியின் பெரியகுளம் ஆபீசில் என் கணவர் ஆறு வருஷம் ரைட்டராக இருந்தார். மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். அந்த உத்தியோகத்தைப் பார்த்துத்தான் என் தகப்பனார் என்னைக் கட்டிக்கொடுத்தார். எங்கள் பெண்குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது அவர் அதை விட்டார்.

காரணம் சோடா. மலைமேல் அணை வேலைக்கு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மதுரையிலிருந்து துரைமார்களுக்கு வண்டியில் வரும் சோடாப் புட்டிகளில் பாதி, வழியிலேயே உடைந்துவிடும். மலையடிவாரத்தில், கூடலூரிலேயே ஒரு மிஷினை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

செய்தி கேட்டு அவருடைய அக்கா வந்தார்.

“ஏலே, காத்தைப் புட்டியில அடைச்சு விக்கப் போறியாமே.”

“ஆமாக்கா. காத்து சும்மாதான கெடைக்குது.”

“புட்டி ஒடஞ்சா காத்தும் போச்சு, கஞ்சியும் போச்சு.” என் பக்கம் திரும்பினார். “ஏத்தா, கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவதான நீ. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லப்புடாதா?”

“அவுக யோசிச்சுத்தான் செய்வாக மதினி,” என்றேன்.

மனைவி அப்படிச் சொல்வதுதான் சரி என்று நினைத்தேன். வேண்டாம் என்றுதான் மனது சொன்னது. ஆனால் அது புத்தி சொல்வதா, வெறும் பயமா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ராஜினாமா எழுத நல்ல காகிதமாகப் பார்த்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கூடலூரில் நாங்கள் பிடித்த வீட்டில் கொல்லைப்புறத்தில் ஒரு கிணறு இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்காகவே அந்த வீட்டை எடுத்தோம். முன்கட்டில் மிஷின். கூலிக்கு ஓர் ஆள் சக்கரத்தைச் சுற்ற, என் கணவர் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, முகத்துக்குக் கம்பிவலை கட்டிக்கொண்டு, புட்டிகளை ஒவ்வொன்றாக நிரப்புவார். வாரத்துக்கு ஒன்றிரண்டு வெடிக்கும். சத்தம் கேட்கும்போதெல்லாம் குழந்தை தூக்கத்தில் உதறிக்கொள்ளும். தண்ணீர் இறைப்பது என் வேலை. விடிந்ததிலிருந்து முப்பது குடம்.

ஆடியில் மலைமேல் வாந்திபேதி கண்டது. முதலில் ஒருவர் இருவரைத் தூளியில் கட்டி இறக்கினார்கள். பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். சோடா குடித்தால் வயிறு கட்டும் என்று யாரோ சொல்லிவிட, எங்கள் வாசலில் விடியும் முன்னே ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். வாசலில் கூட்டம் கூடினால் மலையில் நோய் கூடியிருக்கிறது என்று நான் புரிந்துகொள்ள ஆரம்பித்தேன். அவர் முகத்தில் அந்த நாட்களில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால். அதன் கரையில் வண்டிக்காரர்கள் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். மலையிலிருந்து இறக்கப்பட்டவர்களின் துணிகளையும் அங்கேதான் அலசினார்கள். ஒருநாள் செடிகொடி வெட்டுவதற்காக வாய்க்காலை அடைத்தார்கள். அன்று சாயங்காலம் கிணற்றில் என் கயிறு எட்டவில்லை; இரண்டு முழம் முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டியிருந்தது. மறுநாள் வாய்க்காலைத் திறந்தார்கள். அதற்கடுத்த நாள் காலையில் அந்த இரண்டு முழமும் வேண்டியிருக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அந்தத் தண்ணீரும் இந்தத் தண்ணீரும் ஒன்றுதான்.

பேதி காலத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று மடத்து அம்மாமார் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“காய்ச்சுன தண்ணி ஆறுறதுக்கு ஒரு பகல் போயிரும். சூடு இருந்தா கியாஸ் ஏறாது,” என்றார். “மூணு வண்டிச் சரக்கு மலைக்குப் போகணும். இப்பப் போயி.”

“வாய்க்கா தண்ணி கெணத்துக்கு ஊறுதுங்க.”

“ஊறட்டும். கியாஸ் ஏறுன தண்ணியில எந்த நோயும் தங்காது. மிசினோட வந்த காயிதத்துல போட்டிருக்கு.”

அவர் வெளியே போன பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தேன். திருகாணி பற்றியும் தோல் வளையம் பற்றியும்தான் இருந்தது. ஆனால் என்னுடையது பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். அவர் ஆறு வருஷம் கம்பெனியில் எழுதியவர். எனக்குப் புரியாத ஏதோ ஒரு வரியில் அது இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு காகிதத்தை மடித்து வைத்தேன்.

அன்றிலிருந்து ஒரு சின்னப் பானையில் குழந்தைக்கு மட்டும் தண்ணீர் காய்ச்சினேன். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி அடுப்படி மூலையில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. காய்ச்சி முடித்ததும் போய் வழக்கம்போல் முப்பது குடம் இறைத்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்; எந்தக் கட்டளையை மீறியதாகச் சொல்வது என்று தெரியாமல், சிறு கோபங்களைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மூன்று வண்டிகளும் மலையேறிய மறுநாள் காலை, கொட்டகையிலிருந்து ஒரு வண்டிக்காரர் மனைவி நான்கு வயதுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லை வழியாக வந்தாள்.

“அக்கா, புள்ளைக்கு ரெண்டு தரம் வாந்தி. ஒரு சோடா குடுங்க.”

புட்டியை எடுத்தேன். தோளில் கிடந்த பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. புட்டியைக் கீழே வைத்துவிட்டு, பானைத் துணியை அவிழ்த்து, ஒரு செம்பு மொண்டு கொடுத்தேன்.

“இது என்னக்கா, வெறுந்தண்ணி?”

“காய்ச்சுனது. இதைக் குடு.”

அவள் குழந்தைக்குப் புகட்டினாள். பிறகு பானையைப் பார்த்தாள்.

“யாருக்குக் காய்ச்சுனீக?”

“பாப்பாவுக்கு.”

“அப்ப சோடாவுக்கு?”

முன்கட்டில் சக்கரம் நின்றது. அவர் கம்பிவலையைக் கழற்றிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“எத்தனை நாளா காய்ச்சுற?”

“ஒம்பது நாளா.”

“எங்கிட்ட ஒரு தரந்தான சொன்ன.”

“ஆமாங்க.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிகளைத் திருப்பக் குமுளிப் பாதையில் நடக்கத் தொடங்கினார். எதிரே தூளி ஒன்று இறங்கி வந்தது. அதற்கு ஒதுங்கி வழிவிட்டு மேலே போனார். நோய் இருக்கும் இடத்துக்கு அவரை அனுப்பியது இப்போது திறந்த என் வாயா, ஒன்பது நாள் மூடியிருந்த வாயா என்று யோசித்தபடி நின்றேன்.

நான்காம் நாள் திரும்பினார். உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வண்டிகளைப் பிடித்து, பாதையோரத்திலேயே எல்லாப் புட்டியையும் திறந்து கொட்டிவிட்டார். முதல் வண்டி போய்ச் சேர்ந்து சரக்கை இறக்கியிருந்தது. அங்கே என்ன கண்டார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. வண்டிக்காரர் மனைவியின் பெண் பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது பேதிதானா என்பதும் தெரியாது.

சோடாவுக்கும் காய்ச்ச ஆரம்பித்தோம். தெரு முழுவதும் விஷயம் பரவியிருந்ததால் பத்துப் புட்டி விற்பதே பாடாக இருந்தது. ஒரு மாதம் பொறுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் நேராகக் கேட்டேன்.

“கம்பெனிக்கே போயிருவமா? கேட்டா சேத்துக்குவாக.”

அவர் கையில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

“பெரியகுளத்துக்குப் போயிட்டா மொத வண்டியைப் பத்தி எவரும் வந்து கேக்க மாட்டாக,” என்றார். “இங்கன இருந்தா கேப்பாக. கேக்குறவுகளுக்குப் பதில் சொல்ல நான் இருக்கணும்ல.”

அதனால் இருக்கிறோம். குழந்தை இப்போது நடக்கிறாள். மலையிலிருந்து இறங்கும் வண்டி எங்கள் வாசலில் மெதுவாகும்போதெல்லாம் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகில் வந்து நிற்கிறேன். பெரும்பாலும் மாட்டுக்குத் தண்ணீர்தான் கேட்கிறார்கள்.